பசறையில் வெள்ளச்சிக்கு மாப்பிள்ளை: நுவரெலியாவிலிருந்து ஒரு குதிரைப் பயணம்

பெண்குதிரையை லொறியில் ஏற்றி மலைப்பாதையில் கொண்டுபோவது எப்படி என்று இணையத்தில் தேடித்தேடி அலுத்துப்போனேன். தமிழில் ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். கடந்த மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, நானும் என் தம்பி சுதாகரும் எங்கள் வெள்ளச்சியை நுவரெலியாவிலிருந்து பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்குக் கொண்டுபோனோம். ஊர் சுற்ற அல்ல. அங்கே சுல்தான் என்றொரு ஆண்குதிரை இருக்கிறான். அவனோடு சேர்த்துச் சினைப்படுத்தத்தான் இத்தனை பாடும்.

நாங்கள் ஏரிக்கரையில் சுற்றுலாப் பயணிகளைக் குதிரையில் ஏற்றிப் பிழைப்பவர்கள். எங்களிடம் இருக்கும் மூன்றில் வெள்ளச்சிதான் தங்கம். கைக்குழந்தையை வைத்திருக்கும் தாயைக்கூட நம்பி ஏற்றலாம். ஆனால் வயது பதினாறு. வெளிநாட்டுக் குதிரை வாங்குவதெல்லாம் எங்களைப் போன்றவர்கள் கனவில்கூட நினைக்க முடியாத விலை. இந்த வருடம் சினைப்படாவிட்டால் இனி அந்த ஆசையை விட்டுவிடுங்கள் என்று எங்கள் மிருக வைத்தியர் சொல்லிவிட்டார். ஆக, அவள் வயிற்றில் ஒரு குட்டி. எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். அதை நினைத்து நினைத்துத் தூக்கம் போய்விட்டது.

பெண்குதிரைக்குப் பருவம் ஐந்தாறு நாள் நீடிக்கும். முட்டை வெளிவருவது அதன் கடைசிப் பகுதியில். எந்த நாளும் சேர்க்கலாம் என்று போனால் லொறி வாடகைதான் மிஞ்சும். வியாழக்கிழமை டாக்டர் ஸ்கேன் செய்து பார்த்துவிட்டு, சனிக்கிழமை பொழுது சாய்வதற்குள் காரியம் முடிய வேண்டும், பிந்தினால் பயனில்லை என்றார்.

மரக்கறி ஏற்றும் லொறி ஒன்றைப் பேசினோம். போக, ஓர் இரவு தங்க, திரும்பி வர முப்பத்திரண்டாயிரம் ரூபாய். சாரதி நிமல், வெலிமடைக்காரர். தளத்தில் ஈரமணலைப் பரப்பி, அதன்மேல் சாக்கு விரித்து, பக்கப் பலகைகளுக்குப் பழைய மெத்தையைக் கட்டினோம். இதைத் தவறாமல் செய்யுங்கள். ஹக்கலை வளைவுகளில் குதிரைக்குக் கால் ஊன்ற இடம் வேண்டும். காலை ஐந்தரைக்குப் புறப்பட்டோம். வெலிமடையில் தண்ணீர் காட்டினோம், நாங்கள் தேநீர் குடித்தோம். ஹாலிஎலவில் வாகன நெரிசல். பதுளையை அடைந்தபோது மணி ஒன்பது. அங்கிருந்து பசறை இருபது கிலோமீட்டர்கூட இல்லை, ஆனாலும் ஒரு மணிநேரத்துக்கு மேல் எடுத்தது. பஸ்காரர்கள் வளைவில் ஹோர்ன் அடிக்கும்போதெல்லாம் வெள்ளச்சி பலகையை உதைத்தாள்.

தோட்டத்துக்குள் திரும்பும் இடத்தில் நிமல் லொறியை நிறுத்திவிட்டு ஒன்று சொன்னார். "அக்கா, நாளைக்குப் பின்னேரம் நாலு மணிக்கு நான் போகணும். ஞாயித்துக்கெழமை லோட் இருக்கு. அதுக்கு மேல ஏலாது." பேசும்போது இதைச் சொல்லவில்லையே என்று கோபம் வந்தது. அந்தக் காட்டுக்குள் வேறு லொறிக்கு எங்கே போவது? சரி என்றேன்.

சுல்தானின் சொந்தக்காரர் முனியாண்டி அண்ணன். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குக் கீழே சொந்தமாகச் சிறு மரக்கறித் தோட்டம் வைத்திருக்கிறார். சுல்தானைக் கல்யாண ஊர்வலங்களுக்கு விடுவதுதான் முக்கியத் தொழில். பதுளை, பண்டாரவளை, மொனராகலை வரைக்கும் மாப்பிள்ளைகள் சுல்தான் முதுகில்தான் போகிறார்களாம். கறுப்பு உடம்பு, நெற்றியில் வெள்ளைப் பொட்டு. பார்த்ததும் எனக்குப் பிடித்துவிட்டது. முனியாண்டி அண்ணனுக்கு அவன் அழகைவிட ஒழுக்கத்தில்தான் பெருமை. "பொட்டக் குதிர ஒரசிக்கிட்டு நின்னாலும் நம்ம ஆளு வாயத் தொறக்க மாட்டான். அப்புடிப் பழக்கி வச்சிருக்கேன்" என்றார். அப்போது நானும் மெச்சிக்கொண்டேன் என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

மலைச்சரிவில் குதிரை சேர்க்கச் சமதரை கிடைப்பது லேசில்லை. காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக்களம் ஒன்றுதான் சமம். பகல் இரண்டு மணிக்கு அங்கே போனோம். வெள்ளச்சியின் வாலில் துணி சுற்றி, பின்பக்கத்தை வெதுவெதுப்பான நீரால் கழுவி நிறுத்தினோம். பிறகு சுல்தான் வந்தான். வந்தான் என்பதைவிட எழுந்தருளினான் என்பதே சரி. முனியாண்டி அண்ணனின் மனைவி ராசம்மா அக்கா அவனுக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, கழுத்தில் மாலை போட்டிருந்தார். தலையில் ஊர்வலத்துக்குக் கட்டும் மணி கோத்த சிவப்புக் கடிவாளம். மூக்குக்கு மேலே சங்கிலி. அவனும் இன்றைக்கு மாப்பிள்ளைதானே, வெறுந்தலையோடு அனுப்புவதா என்று அக்கா கேட்டார். லயத்துப் பெண்களும் பிள்ளைகளும் திரண்டு வந்துவிட்டார்கள்.

சுல்தான் எதுவும் செய்யவில்லை. வெள்ளச்சி வாலைத் தூக்குகிறாள், கால்களை அகட்டிச் சிறுநீர் விடுகிறாள், பின்னால் சாய்கிறாள். அவன் தலையைத் தொங்கப்போட்டு, நடையைச் சுருக்கி, ஊர்வலத்தில் போவதுபோல அவளைச் சுற்றி வந்தான். அரை மணிநேரம் அப்படியே போனது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். முனியாண்டி அண்ணனின் முகம் கறுத்துவிட்டது. உங்கள் குதிரைக்குப் பருவமே வரவில்லை என்று என்மேல் பாய்ந்தார். நானும் விட்டுக்கொடுக்கவில்லை.

அன்று மாலை சோறு போடும்போது ராசம்மா அக்கா மெதுவாக விஷயத்தைச் சொன்னார். இதற்கு முன் இரண்டு பெண்குதிரைகள் வந்தனவாம். இரண்டும் இப்படியே திரும்பிப் போயினவாம். நான் தட்டைத் தள்ளி வைத்தேன். இரண்டு குதிரைக்கு விட்டிருக்கிறேன் என்றுதான் முனியாண்டி அண்ணன் போனில் சொன்னார். நடந்ததா நடக்கவில்லையா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆத்திரத்தோடு டாக்டருக்குப் போன் போட்டேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், பதறமாட்டார். "ஆசையில்லாததும் ஏலாததும் வேற வேற பாருங்கோ. அவனை அவிட்டு விட்டு, நடுவில பலகை வச்சு, அவள் பக்கத்தில வந்தா என்ன செய்யிறான் எண்டு பாருங்கோ" என்றார்.

சுல்தானின் கொட்டிலுக்கு நெஞ்சளவு உயரத்தில் பலகைச் சுவர். வெளிச்சம் இருக்கும்போதே வெள்ளச்சியை அந்தச் சுவரோரமாக நடத்தினோம். உள்ளே அவன் தலையில் ஒரு கயிறுகூட இல்லாமல் நின்றான். அவள் வாடை பட்டதுதான் தாமதம், கழுத்தை வில்லாக வளைத்து ஒரு கனைப்புக் கனைத்தான். எதிர்மலையிலிருந்து நாய்கள் குரைத்தன. பலகையில் பட்ட அவள் சிறுநீரை மோந்து, மேலுதட்டைச் சுருட்டி வானத்தைப் பார்த்தான். உடம்பும் தயாராகிவிட்டது. ஆசைக்கு ஒரு குறையும் இல்லை. அப்படியே சேர்த்துவிடலாம் என்றால், கொட்டிலில் இரண்டு குதிரை திரும்ப இடமில்லை, முனியாண்டி அண்ணனோ மருமகன் வீட்டுக்குப் போயிருந்தார்.

மறுநாள் காலை மீண்டும் பெரட்டுக்களம். இம்முறை நான் கொட்டில் வாசலில் நின்று பார்த்தேன். வெள்ளச்சியைப் பார்த்து உள்ளே துள்ளிக்கொண்டிருந்தவன், ராசம்மா அக்கா கையில் சிவப்புக் கடிவாளத்தோடு வருவதைக் கண்டதும் நின்றான். மணி கிலுங்கியதும் கழுத்து இறங்கியது. சங்கிலி மூக்கில் ஏறியபோது அவன் வேறு குதிரை. களத்தில் நேற்று நடந்ததுதான் இன்றும் நடந்தது.

முனியாண்டி அண்ணனிடம் இவனை எப்படிப் பழக்கினீர்கள் என்று கேட்டேன். ஊர்வலத்தில் பெண்குதிரையைப் பார்த்து மூச்சுவிட்டாலும் சங்கிலியை ஒரு சுண்டு சுண்டுவாராம். மூன்று வருடம் விடாமல் செய்தாராம். எனக்குப் புரிந்துவிட்டது. மணி கட்டினால் ஆசையைக் காட்டக்கூடாது, காட்டினால் வலிக்கும். சுல்தான் படித்த பாடம் அவ்வளவுதான். நல்ல பிள்ளையாக அதன்படி நடக்கிறான். மாப்பிள்ளை என்று சொல்லி அதே கடிவாளத்தைப் பூட்டி அழைத்துவந்தால் பாவம் அவன் என்ன செய்வான்?

கடிவாளத்தைக் கழற்றிவிட்டு எங்களிடமிருக்கும் சாதாரணக் கயிற்றைக் கட்டுவோம் என்றேன். முனியாண்டி அண்ணன் ஒரேயடியாக மறுத்தார். சட்டைக் கையை மடித்து, முழங்கைக்குக் கீழே பழைய கடித் தழும்பு ஒன்றைக் காட்டினார். "சங்கிலி இல்லாம இவன நான் வெளிய கொண்டாந்ததே இல்லீங்க. புள்ளைக ஓடித் திரியிற எடம். ஒன்னு கெடக்க ஒன்னு ஆச்சுன்னா லயத்துல நான் எப்புடிங்க மொகத்தக் காட்டுறது?" அவர் பயம் நியாயமானது. வெறிகொண்ட ஆண்குதிரை ஆளை மிதித்துவிடும். ஆனால் மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது. வெள்ளச்சியும் அலுத்துப்போய்க் காதைப் பின்னால் மடிக்க ஆரம்பித்திருந்தாள். இவளுக்கு இனி ஒரு தடவை கிடையாது என்றேன். ராசம்மா அக்காதான் கடிவாளத்தை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் போனார்.

பெரட்டுக்களத்தை விட்டுவிட்டு, பலகை அடைத்த மாட்டுத்தொழுவ முற்றத்தைத் தேர்ந்தெடுத்தோம். கூட்டத்தை விரட்டினோம். வாசலுக்குக் கதவில்லாததால் நிமல் லொறியைக் குறுக்கே நிறுத்தி அடைத்தார். சுதாகர் வெள்ளச்சியின் இடப்பக்கம் தலையைப் பிடித்தான். சாதாரணக் கயிறு கட்டிய சுல்தானோடு முனியாண்டி அண்ணனும் அதே பக்கம். ஆட்கள் இருவரும் ஒரே பக்கம் நின்றால்தான், ஏதாவது நடந்தால் குதிரைகளை எதிரெதிராகத் திருப்பிப் பிரிக்கலாம். என் வேலை பலகையோரம் நின்று சுல்தானின் வாலைக் கவனிப்பது.

அவன் பாய்ந்து வந்தான். வந்ததுமே பலமாகக் கனைத்தான். பழக்கதோஷம், முனியாண்டி அண்ணன் கயிற்றைச் சுண்டிவிட்டார். அவ்வளவுதான், சுல்தானின் தலை கீழே போய்விட்டது. எல்லாம் போச்சு என்றே நினைத்தேன். "அண்ணே, இழுக்காதீங்க. கயித்த விட்டுப் புடிங்க. அவன் சத்தம் போடட்டும்" என்றேன். அவர் கயிற்றைத் தளர்த்தினார். சுல்தானின் கழுத்தைத் தட்டி, "போடா சாமி, ஒன்னும் சொல்ல மாட்டேன், போடா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவன் நகரவில்லை. வெள்ளச்சி மண்ணை உதைத்தாள். பிறகு அவன் ஒரு காதை மட்டும் அவள் பக்கம் திருப்பினான். மெல்லக் கனைத்து, அண்ணனைத் திரும்பிப் பார்த்தான். அண்ணன் அசையவில்லை. இன்னும் ஒரு கனைப்பு, கொஞ்சம் பலமாக.

முதல் தடவை ஏறியபோது பக்கவாட்டில் சறுக்கினான். சுதாகர் பலகையோடு நசுங்கப் பார்த்தான், குனிந்து தப்பினான். இரண்டாம் தடவை சரியாக ஏறினான். வால் மேலும் கீழுமாக நாலைந்து தரம் அடித்தது. வித்து இறங்கியதற்கு அதுதான் அடையாளம், அதைப் பார்க்காமல் ஏறியதை மட்டும் பார்த்துவிட்டுச் சந்தோஷப்படாதீர்கள். அவன் இறங்கியதும் முனியாண்டி அண்ணன் சாணித்தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அழுதாரா சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. நான் அழுதேன். நிமல் சொன்னபடி நாலு மணிக்கு வெள்ளச்சியை ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். ஆண்குதிரையை வேலைக்கும் சேர்க்கைக்கும் வைத்திருப்பவர்கள் இரண்டுக்கும் வெவ்வேறு கடிவாளம் வைத்திருங்கள். தலையில் என்ன ஏறுகிறது என்பதை வைத்துத்தான் அது தன் வேலையைத் தெரிந்துகொள்கிறது. போகும் முன் போனில், எத்தனை குதிரை வந்தன என்று கேட்காதீர்கள், எத்தனை சினைப்பட்டன என்று கேளுங்கள். சாரதியிடம் திரும்பும் நேரத்தை முதலிலேயே பேசுங்கள். இன்னொன்று, சேர்த்து இரண்டு வாரம் கழித்துக் கட்டாயம் ஸ்கேன் எடுங்கள். ஏன் கட்டாயம் என்கிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன்.

பதினைந்தாம் நாள் டாக்டர் ஸ்கேன் கருவியோடு வந்தார். திரையில் கறுப்பாக ஒரு சிறு வட்டம் தெரிந்தது. சுதாகர் கைதட்டினான். டாக்டர் இன்னும் கொஞ்சம் கருவியை நகர்த்தினார். இன்னொரு வட்டம். இரண்டா என்று நான் துள்ளிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "குதிரைக்கு இரட்டை ஆகாது. ரெண்டையும் விட்டா ஒண்டும் தங்காது, தாய்க்கும் ஆபத்து. ஒண்டை இப்பவே நசுக்கவேணும்" என்றார். நசுக்கும்போது மற்றதும் போகலாமா என்று கேட்டேன். போகலாம் என்றார்.

ஒரு குட்டிக்காக அலைந்தவளிடம் இரண்டைக் காட்டி, ஒன்றைக் கொல்லச் சம்மதம் கேட்டார். சுதாகர் வெளியே போய்விட்டான். நான் தலையாட்டினேன். டாக்டர் குடல் வழியே உள்ளே விட்டிருந்த கையால் சிறியதை ஓரமாகத் தள்ளி, விரலால் அழுத்தினார். வெள்ளச்சி வைக்கோலை மென்றுகொண்டே நின்றாள்.

பத்து நாள் கழித்து வந்து பார்த்தார். மற்றது இருந்தது. அதன் நடுவே ஏதோ படபடவென்று துடித்தது. அதுதான் இதயம் என்று டாக்டர் காட்டினார். நான் வெள்ளச்சியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, இருப்பதற்கு நன்றியும் இல்லாததற்கு மன்னிப்பும் அவள் காதிலேயே சொன்னேன்.