பாலத்தின் மேல் கருவாடு

பாம்பன் ஸ்டேஷனில் கருவாட்டுக் கூடையோடு ஒரு பெண் ஏறுகிறாள். மூன்றாம் வகுப்புப் பெட்டி முழுவதும் மூக்கைப் பொத்துகிறது. என் பக்கத்திலிருக்கும் முதுகுளத்தூர் மிளகாய் வியாபாரி, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, "அங்கன கதவோரமா போம்மா" என்று விரட்டுகிறார். நானும் தலையாட்டுகிறேன்.

வண்டி பாலத்தில் ஏறுகிறது. ஆடிக் காற்று தெற்கிலிருந்து மோத, பெட்டி வடக்கே சாய்வதுபோல் ஆடுகிறது. ஜன்னலுக்குக் கீழே தடுப்புக்கூட இல்லை, கொதிக்கிற கடல்தான். வண்டி கவிழ்ந்துவிடாமல் இருக்க, எல்லோரும் தெற்குப் பக்கப் பலகைகளில் போய் நெருக்கியடித்து உட்காருகிறோம். அந்தக் கனமும் போதாது போலிருக்கிறது.

"ஆத்தா, நல்ல கனமான கூடையாச்சே. இங்கன கொண்டாந்து வைங்க" என்கிறார் மிளகாய் வியாபாரி. முகத்துத் துண்டு நழுவி விழுந்ததை அவர் கவனிக்கவில்லை. கூடை வந்து என் மடிமேல் பாதி ஏறி உட்காருகிறது.

"உங்களுக்குப் பயமில்லையா?" என்று அவளிடம் கேட்கிறேன்.

"பயமில்லாம இருக்குமா தம்பி? ஆனா காத்து அடிக்கிற அன்னைக்குத்தான் எனக்கு உக்கார எடம் கெடைக்குது."

பெட்டி ஒரு குலுக்குக் குலுக்குகிறது. யாரோ முருகா என்கிறார், யாரோ அல்லா என்கிறார். நான் கூடையைக் கட்டிக்கொள்கிறேன்.

ஒருவழியாக அக்கரையில் மண்டபத்து மணல் தெரிகிறது. வியாபாரி துண்டைத் தேடியெடுத்து மூக்கில் வைக்கிறார். "ஏம்மா, நாத்தம் தாங்கல. அங்கன தள்ளி வையி."

அவள் சிரித்தபடி கூடையை இழுக்கிறாள். அது வரவில்லை. என் கைகள் இன்னும் அதை விடவில்லை.