கடவுளுக்கு எடுத்து வைத்த அரிசி

என் வீட்டுக்காரர் கால் வீங்கியபோது நான் முதலில் சிரித்தேன். கர்த்தர் மன்னிப்பாராக. காலில் போட்ட புதுச் சப்பாத்து கடித்திருக்கிறது என்று நினைத்தேன். மூன்றாம் வாரம் வீக்கம் முழங்காலைத் தாண்டியது. விரலால் அழுத்தினால் களிமண்ணில் அழுத்தியதுபோல் குழி விழுந்து அப்படியே நின்றது. அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எனக்கு எழுதத் தெரியாது, சகோதர சகோதரிகளே. நான் சொல்லச் சொல்ல என் மூத்தவள் எழுதுகிறாள். அவள் அப்போது என் வயிற்றில் ஏழு மாதம். இந்த மலாய் நாட்டில், பிரிக்ஃபீல்ட்ஸில் இன்னும் செங்கல் சூளை புகைந்த காலம். துவைத்துக் காயப்போட்ட சேலையெல்லாம் புகை வாசம் அடிக்கும். அதை விடுங்கள். என் வீட்டுக்காரருக்கு ரயிலில் தண்டவாளம் மாற்றிவிடும் வேலை. கால் இல்லாவிட்டால் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் ரயில்வே கொடுத்த லைன் வீடும் இல்லை. அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. வீக்கம் நெஞ்சுக்கு ஏறினால் ஆள் தங்காது என்று ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் சொல்லிவிட்டுப் போனார்.

முழங்கால் போட்டு அழுதேன். "ஆண்டவரே, இவரை நடக்க வையும். வேறொன்றும் கேட்கமாட்டேன்" என்றேன். பதில் இல்லை. பத்து நாள் ஆகியும் பதில் இல்லை. கோபம்கூட வந்தது.

இங்கே அரிசிக் கதையைச் சொல்ல வேண்டும். கடல் தாண்டி வந்து எஸ்டேட்டில் இருந்தவரை புழுங்கல் அரிசிதான் தின்றோம். ரயிலில் சேர்ந்ததும் அவருக்கு மவுசு வந்துவிட்டது. "இனிமே எஸ்டேட்டுச் சோறு வேணாம் புள்ள. நாத்தம். ஆபீஸ் கிராணிமாரு வீட்டுலயெல்லாம் வெள்ளை அரிசிதான்" என்றார். சயாம் அரிசி, மல்லிகை மொட்டு மாதிரி இருக்கும். அவருக்கு அதை வடித்தேன். மிச்சம் கிடந்த புழுங்கல் மூட்டையைக் கொட்ட மனசில்லாமல் நான் தின்றேன். அவர் படுத்த பிறகு, உயர்ந்ததைக் கொடுக்கிறேன் என்று அந்த வெள்ளை அரிசியை இன்னும் நாலு தடவை கழுவிக் குழைய வைத்து ஊட்டினேன். கடவுளுக்கு? சமைக்கும்போதெல்லாம் கோயிலுக்கென்று ஒரு கைப்பிடி அரிசி பானையில் போடுவோமே, அதில் புழுங்கலைப் போட்டேன். வெட்கத்தோடு சொல்கிறேன்.

பானை நிறைந்ததும் உபதேசியார் மனைவியிடம் கொண்டுபோனேன். அந்த அக்கா அதை என் கையிலேயே திருப்பித் தந்தார்.

"ஏட்டி ஞானம், உங்க லைனுக்குப் பின்னால கீரை போடுற சீனர் இருக்காருல்லா, ஆ லொக்? கெடையா கெடக்காராம். ஒத்த ஆளு. இதைக் கஞ்சி காச்சிக் கொடு."

"அக்கா, என் வீட்டுலயே ஒருத்தரு கெடையா கெடக்காரு. நானே வயித்தைத் தள்ளிக்கிட்டு நடக்கிறேன்."

"அப்ப ரெண்டு பேருக்கும் சேத்து ஜெபம் பண்ணிக்கிட்டே கிண்டு. அடுப்பு ஒண்ணுதானட்டி?"

என்ன மனுஷி என்று முணுமுணுத்துக்கொண்டே போனேன். குடிசைக்குள் பார்த்தால் அதே கால். அதே குழி. அன்றுமுதல் தினமும் போனேன். எங்களுக்குள் நாலைந்து மலாய் வார்த்தைதான் பாஷை. "மாக்கான்" என்பேன், சாப்பிடு என்று. அவர் குடிப்பார். நான் மண் தரையில் உட்கார்ந்து ஜெபிப்பேன். அதிசயம் கேளுங்கள், அங்கே இருக்கும் நேரம் மட்டும் என் பயம் குறைந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் சத்தம். ஆ லொக் நிற்கிறார்! கையில் ஒரு கட்டு கங்கோங் கீரை. கால்சட்டையை மேலே இழுத்துக் காட்டி, "போலே ஜாலான், அம்மா! போலே ஜாலான்!" என்கிறார். நடக்க முடிகிறதாம். உள்ளே என் வீட்டுக்காரர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

நான் கேட்ட அதே வரம்! "ஆண்டவரே, வீடு மாறிப் போய்விட்டீரா?" என்று கேட்டேவிட்டேன். பிறகு ஆ லொக்கிடம், என்ன மருந்து சாப்பிட்டாய் என்று கையைக் காட்டிக் கேட்டேன். அவருக்குக் கொண்டுபோக வாசலில் வைத்திருந்த என் கஞ்சிப் பானையைத் தொட்டுக் காட்டினார்.

நேரே அடுப்புக்குப் போனேன்.

"என்ன புள்ள நாத்தம்?"

"கடவுள் பானை அரிசி. வாயைத் தொறங்க."

"கோயிலுக்கு வச்சதையா? ஏழைக்குக் கொடுக்கிறதாச்சே!"

"இப்ப இந்த லைன்ல உங்கள விட ஏழை யாரு? குடிங்க."

வெள்ளை அரிசி அன்றோடு போச்சு. குழி கொஞ்சம் கொஞ்சமாக மறைந்தது. பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று, அவர்தான் அவளைத் தூக்கிக்கொண்டு கோயில்வரை நடந்தார். இதோ எழுதுகிறவளேதான். அழாமல் எழுதடி.

அந்த நோய்க்குப் பெரிபெரி என்று பெயர், தீட்டின வெள்ளை அரிசியே தின்றால் வரும் என்று பிற்பாடு டாக்டர்மார் சொன்னார்கள். சந்தோஷம். எனக்கு முன்பே சொல்லிக்கொடுத்தது ஆ லொக்கின் கால். நான் கேட்ட பதில் என் கையால் கிண்டின கஞ்சியிலேயே இருந்தது. என் வீட்டுக்குள்ளேயே அழுதுகொண்டிருந்தால் கண்டிருக்கமாட்டேன். இதற்குத்தான் கர்த்தர் என்னைக் கடல் தாண்டிக் கொண்டுவந்தார் என்று அன்று விளங்கியது. அதுமுதல் என் பானை லைன் லைனாகப் போகிறது. கிள்ளானுக்கு மாற்றலாகிப் போன வருஷங்களிலும் போனது.

பிரியமானவர்களே, உங்கள் வீட்டில் யாராவது படுத்திருக்கிறார்களா? ஜெபம் பண்ணுங்கள். பண்ணிவிட்டு எழுந்து, ஒரு சட்டிக் கஞ்சி பின்வீட்டுக்கும் கொண்டுபோங்கள். கர்த்தர் அங்கேயும் உங்களுக்காகக் காத்திருப்பார். என் வீட்டுக்காரர் இன்றைக்கும் நாத்தம் நாத்தம் என்று சொல்லிக்கொண்டே இரண்டு சட்டி குடிக்கிறார். குடித்துவிட்டு, மீதியைத் தூக்கிக்கொண்டு அடுத்த லைனுக்கு அவரே நடக்கிறார்.