கால் எட்டும் வண்டி

திருவானைக்காவல் கோயில் வாசலில் என் புது பைக்கை நிறுத்தியிருக்கிறேன். குள்ளமான எனக்கு ஓசூரில் ஸ்கூட்டரைத்தான் காட்டினார்கள். சீட் தாழ்வான இந்த பைக் திருச்சி ஷோரூமில்தான் கிடைத்தது.

வண்டிக்கு மாலை கட்டிய பூக்காரம்மா, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்காமல் சாலையையே பார்க்கிறார்.

“யாருக்காகக் காத்திருக்கீங்க?” என்கிறேன்.

“வண்டி ஓட்டுற சார் வரட்டும்மா.”

“நான்தாங்க ஓட்டுறேன். ஓசூர் வரைக்கும்.”

என்னை ஏற இறங்கப் பார்க்கிறார். “கால் எட்டுமா?”

ஏறி உட்கார்கிறேன். இரண்டு பாதங்களும் தரையில் நன்றாகப் பதிகின்றன.

அவர் சிரித்தபடி குனிந்து பழங்களை வைக்கிறார். பிறகு மாலையை அவிழ்த்து, காற்றில் பறக்காதபடி ஹேண்டில்பாரில் இறுக்கிக் கட்டுகிறார்.

“தூரம் போறீங்கல்ல. பாத்துப் போயிட்டு வாங்க.”

கிளட்சை மெதுவாக விடுகிறேன். பழங்கள் நசுங்க, வண்டி நகர்கிறது.