கறுத்த திரையில் முப்பத்தொரு பெயர்கள்

ராயபுரத்து ஐரீனுக்குக் கை முந்தும், யோசனை பிந்தும். பத்து வயதில் குழாயடியில் ஒருத்தியின் மண்டையைக் குடத்தால் பிளந்தவள். கம்ப்யூட்டர் படித்து, திருவொற்றியூர் கண்டெய்னர் யார்டு ஒன்றுக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கும் அளவுக்கு வளர்ந்த பிறகும் அந்தக் கைக்கு மட்டும் புத்தி வரவில்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று அவள் அம்மா ஜானட் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டாள்.

மென்பொருளின் வேலை ஒன்றுதான். வந்து நிற்கும் டிரெய்லர்களின் டிரைவர் பெயர்களை வரிசைப்படி திரையில் காட்டும். வாசல் கிளார்க் பரசுராமன் பெயர் சொல்லிக் கூப்பிட்டு உள்ளே விடுவார். கம்ப்யூட்டர் வெள்ளைத் திரையில் இருக்கிறதா, கறுப்பில் இருக்கிறதா என்று பார்த்து மென்பொருள் எழுத்தின் நிறத்தை மாற்றிக்கொள்ளும். ஆனால் திறக்கும்போது ஒரு முறை பார்ப்பதோடு சரி. தினமும் மூடித் திறப்பார்கள் என்று ஐரீன் நினைத்தாள். யார்டிலோ மாதக்கணக்கில் அதை மூடவே மாட்டார்கள். மூடினால் வரிசை கலைந்துபோகும் என்று பயம்.

அன்று மதியம் பரசுராமனுக்குக் கண் கூசியது. கம்ப்யூட்டரைக் கறுப்புக்கு மாற்றினார். பின்னணி கறுத்தது, எழுத்து பழைய கறுப்பிலேயே நின்றது. முப்பத்தொரு பெயரும் காணாமல் போயின. மேலிடத்தில் யாரோ வரிசையை அழித்துவிட்டார்கள் என்று நினைத்த அவர், எல்லோரையும் புதிதாக டோக்கன் போடச் சொன்னார். டோக்கன் பிரிண்டரைச் சரிபார்க்க வந்திருந்த ஐரீன் திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

எண்ணூர் சாலையில் இரண்டு நாளாகக் காய்ந்துகொண்டிருந்த டிரைவர்கள் அறைக்குள் பாய்ந்தார்கள். முன்னால் நின்றவன் பீம்ராவ்.

"இன்னாயா, புதுசா டோக்கனா? ரெண்டு நாளா சோறு தண்ணி இல்லாம நின்னுகினு கீறோம். எவனுக்கோசரம் எங்க பேர அழிச்ச?"

"நான் அழிக்கல நைனா. நீயே பாரு, ஒண்ணுமே இல்ல," என்றார் பரசுராமன்.

கத்தினார்கள், மேசையைத் தட்டினார்கள், வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். யாரும் யாரையும் தொடவில்லை. பீம்ராவ் பரசுராமனை நோக்கி விரலை நீட்டினான். அவ்வளவுதான், ஐரீன் மேசையிலிருந்த, காகிதத்தில் ஓட்டை போடும் இரும்புப் பஞ்சிங் மெஷினை எடுத்து அவன் வாயில் ஓங்கி அடித்தாள். இரண்டு பல் தெறித்து விழுந்தது.

"பொம்பள மேல கை வைக்க மாட்டேன்டி," என்று ரத்தத்தைத் துப்பினான்.

அந்த அடிக்குப் பதில் வாங்க அங்கே இருந்தவர் பரசுராமன் ஒருவர்தான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். வண்டியிலிருந்து இரும்புக் கம்பி பீம்ராவ் கைக்கு வந்தது. முதல் அடி தோளில், அடுத்தது முகத்தில். விழுந்தவரை ஏழெட்டுக் கால்கள் மிதித்தன. ஐரீன் கீறினாள், கடித்தாள். ஒருவன் அவளை மேசைப் பக்கம் தள்ளிவிட்டு மறுபடி மிதிக்கப் போனான்.

மேசையில் மோதி நின்றபோதுதான் திரையைப் பார்த்தாள். ஒரே கறுப்பு. எழுத்தும் கறுப்பிலேயே நிற்கிறது என்று புரிந்தது. மென்பொருளை மூடித் திறந்தாள். வெள்ளை எழுத்தில் பெயர்கள் வரிசையாக வந்தன.

"பேரு கீதுய்யா! எல்லாரு பேரும் கீது! தப்பு என்னுது!"

பீம்ராவ் திரும்பினான். மூன்றாவது வரியில் அவன் பெயர். கம்பியைக் கீழே போட்டான். அதற்குள் பரசுராமனின் இடது கண் போயிருந்தது.

"டிரைவருங்க குடிச்சிட்டு வந்தானுங்கன்னு எழுதிக் குடு, சாஃப்ட்வேர் பேச்சே வேணாம்," என்றார் யார்டு மேனேஜர். ஐரீன் கேட்கவில்லை. தன் மென்பொருளின் கோளாறை வரி விடாமல் போலீசுக்கு எழுதிக் கொடுத்தாள். அன்றே வேலை போனது. போகட்டும், உண்மையைச் சொல்லிவிட்டோம் என்று அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

"கண்ணு கூசிச்சும்மா, நான்தான் கறுப்பாக்கினேன்," என்றார் பரசுராமன்.

"இல்லண்ணா. நீங்க எப்ப மாத்தினாலும் அது தெரிஞ்சிக்கணும். மூணு வரி வேலை. நான் எழுதல." சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

அவர் மிச்சமிருந்த கண்ணால் அவளையே பார்த்தார்.

"அத்த வுடு. மெஷினுன்னா தப்பு வரும். அவுனுங்க கத்திகினுதானே இருந்தானுங்க? கத்திட்டுப் போயிருப்பானுங்க. நீ இன்னாத்துக்கும்மா மொதல்ல அடிச்ச?"

ஐரீன் போலீசுக்கு எழுதிக் கொடுத்த இரண்டு பக்கத்திலும் அந்த அடி இல்லை.