ஓடை ஏதும் காணப்படவில்லை

எங்கள் வீட்டுப் பீரோவின் மேல் நீளமான பிளாஸ்டிக் குழாய் ஒன்று கிடக்கிறது. பொங்கலுக்குப் பொங்கல் வீட்டைத் துடைக்கும்போது என் மனைவி அதை இறக்கித் தூசி தட்டி, "இது வேணுமா வேணாமா, ஒரு முடிவு சொல்லுங்க" என்பாள். நான் அதை வாங்கித் திரும்ப மேலேயே வைத்துவிடுவேன். உள்ளே சுருண்டு கிடப்பது வடக்கு ஜெர்மனியின் சாலை வரைபடம். நான் வரைந்தது. கண்ணமங்கலத்துக்காரனான எனக்கு அதிகபட்சத் தூரப் பயணம் என்றால் திருப்பதிதான். இருபது வருஷத்துக்கும் மேலாகச் சாலை அலுவலகத்தில் வரைவாளராக உட்கார்ந்து எத்தனையோ ரோடும் பாலமும் வரைந்திருக்கிறேன். அவ்வளவு அழகாக வேறு எதையும் வரைந்ததில்லை. நேற்றுக் காலை அதைக் கேட்டு போன் வந்தது.

போன் செய்தவர் எங்கள் பழைய பொறியாளர். இப்போது பதவி உயர்வில் வேறு மாவட்டத்தில் இருக்கிறார். "நல்லா இருக்கியாப்பா? என் மச்சான் ஃபேமிலியோட ஜெர்மனி போறான். நாங்க போன அதே ரூட்டு. நம்ம மேப்பு வீடு மாறும்போது எங்கயோ போச்சு. உன்கிட்ட ஒரு காப்பி இருந்துச்சே, போட்டோ எடுத்து அனுப்பிவிடு" என்றார். குரலில் அதே பிரியம். நானும் அதே பழைய பணிவோடு, "தேடிப் பார்த்துட்டுச் சொல்றேன் சார்" என்றேன். சே, அந்தப் பணிவு என் தொண்டையிலிருந்து எவ்வளவு சுலபமாக வருகிறது!

அவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட்டால் எனக்கு வேலை மிச்சம். ஆனால் அவர் கெட்டவர் இல்லை. யாரிடமும் கை நீட்டாதவர். எங்கள் வீட்டில் ஒரு துக்கம் என்றால் முதலில் வந்து நின்றவர். மனைவி மேல் உயிரையே வைத்திருந்தார். அந்த அம்மாவுக்கு முழங்கால் வலி, சர்க்கரை. "என்னைக் கட்டிக்கிட்டு இந்த ஊர் ஊரா அலைஞ்சதுதான்பா அவ கண்ட சுகம். ஒருதடவை நல்ல ரோட்ல, நல்ல காத்துல அவளைக் கூட்டிட்டுப் போவணும்" என்பார். தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் ஹாம்பர்க்கில் இருந்தார். கார் அவருடையது, ஓட்டுவதும் அவர்தான். ரூட்டு மட்டும் நம்முடையதாக இருக்க வேண்டும் என்பது பொறியாளரின் ஆசை. அப்படித்தான் அந்த வருஷப் பொங்கல் முடிந்த கையோடு எங்கள் அலுவலகத்தில் ஜெர்மனி வேலை தொடங்கியது.

பெரிய நெடுஞ்சாலையில் போனால் சீக்கிரம் போய்ச் சேரலாம். அது வேண்டாம் என்றார். ஹாம்பர்க்கிலிருந்து லூபெக், அங்கிருந்து கடலை ஒட்டியே விஸ்மார், ஸ்ட்ரால்சுண்ட், பாலம் தாண்டி ரூகன் தீவு, திரும்பும்போது ஏரி நடுவில் அரண்மனை இருக்கிற ஷ்வெரின். எல்லாம் சின்னச் சாலைகள். இரண்டு பக்கமும் மரங்கள் கைகோத்துக் கூரை போட்ட சாலை எங்கே இருக்கிறது, கடுகு மாதிரி மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் வயல்கள் எந்தப் பக்கம், எந்த வளைவில் முதலில் கடல் தெரியும் என்று ஒவ்வொன்றையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தோம். காரின் முன்னால் கேமரா வைத்து யாரோ ஓட்டிப்போன வீடியோக்களை மணிக்கணக்கில் ஓடவிட்டு நிறுத்துவோம். ஐம்பது நிமிஷத்துக்கு ஒரு கழிப்பறை இருக்க வேண்டும், அந்த அம்மாவால் அடக்க முடியாது. ஓட்டலில் லிஃப்ட் இருக்க வேண்டும். லிஃப்ட் இல்லாத ஒரு ஓட்டலின் போட்டோவைப் பெரிதாக்கி, வாசலுக்கு எத்தனை படி என்று நான் எண்ணினேன். ஏழு. "ஏழு ஆவாதுப்பா, வேற பாரு" என்றார். ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஏழு படி எங்கள் கண்ணுக்குத் தப்பவில்லை.

அந்த நாட்களில்தான் மனுக்காரர் ஒருவரும் வந்துகொண்டிருந்தார். ஜவ்வாது மலைமேல், அமிர்தியிலிருந்து ஏறிப் போகிற தார்ச்சாலையை விட்டு உள்ளே இரண்டு கிலோமீட்டர் தள்ளி அவருடைய ஊர். சாமை விதைப்பவர், நாலு புளியமரம் உண்டு. ஊருக்கும் தார்ச்சாலைக்கும் நடுவே ஒரு ஓடை. அதன்மேல் சிறுபாலம் ஒன்று போட்டால் ஆம்புலன்ஸ் வீட்டு வாசலுக்கே வந்துவிடும். அவ்வளவுதான் மனு. அவர் மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது. வாரத்துக்கு இரண்டு நாள் வேலூரில் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். தவறினால் உடம்பு ஊதிவிடும். மனைவியை முதுகில் சுமந்து ஓடையைக் கடந்து, தார்ச்சாலையில் இறக்கி, பஸ் ஏற்றுவார். "மத்த நாள்ல நான் தூக்கினு வந்துடுவேன் சார். மழ வந்துட்டா அந்த ஓட வுட மாட்டேங்குது. இடுப்பளவு தண்ணி, இழுக்குது. ஒரு பாலம் மட்டும் போட்டுக் குடுத்துடுங்க சார்" என்பார். திங்கட்கிழமை திங்கட்கிழமை வேலூருக்கு மனு கொடுக்கப் போய், அப்படியே எங்களிடமும் வருவார். மேசைக்கு ஒரு ஓரமாக நிற்பார். உட்காரச் சொன்னால் உட்காரமாட்டார்.

மனு மேலிடத்திலிருந்து எங்களுக்கு வந்தது. இடத்தை நேரில் பார்த்து அறிக்கை அனுப்ப வேண்டும். பொறியாளர் மலைக்குப் போக நாளும் குறித்தார், ஜீப்பும் சொன்னார். அதே நாளில் விசாவுக்குச் சென்னை வரச் சொல்லிவிட்டார்கள். மறுநாள்தான் அறிக்கைக்குக் கடைசி நாள். சென்னையிலிருந்து எனக்கு போன் செய்தார். "மேப்ல பார்த்து நீயே ஒரு நோட் போட்டுடுப்பா, வந்து கையெழுத்துப் போடறேன்."

கம்ப்யூட்டரில் அந்த இடத்தைத் திறந்தேன். மேலேயிருந்து எடுத்த படம். முழுக்க மரம், பச்சை. ஓடை தெரியவில்லை. அவரிடம் சொன்னேன். "தெரியலைன்னா இல்லைன்னு போடு. நாளைக்கு யாராச்சும் கேட்டா, கோடையில காஞ்சி கெடந்துச்சின்னு சொல்லிக்கலாம்."

எனக்கு அந்த ஓடையைத் தெரியும். அதற்கு இரண்டு வருஷம் முன்பு தார்ச்சாலையை அளக்கப் போனபோது அதில் இறங்கியிருக்கிறேன். என் இடது கால் செருப்பை அதுதான் அடித்துக்கொண்டு போனது. ஒற்றைச் செருப்போடு நான் நொண்டி வந்ததைப் பார்த்துக் கூட வந்தவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். தெரிந்தே தட்டச்சு செய்தேன்: "தளத்தை நேரில் பார்வையிட்டதில், மனுவில் கூறப்பட்டுள்ளபடி ஓடை ஏதும் காணப்படவில்லை. பாலம் அமைக்கும் தேவை எழவில்லை." பயந்து செய்தேன் என்றால்கூட ஒரு மரியாதை இருக்கும். பயமெல்லாம் இல்லை. "சார், அங்க ஓடை இருக்குது, நான் பார்த்திருக்கேன்" என்றால் அவர் திட்டியிருக்கமாட்டார். தள்ளி ஒரு நாள் போய்ப் பார்த்திருப்பார். என் அவசரம் வேறு. ரூகன் தீவின் கரையோரம் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைகள் உண்டு. அவற்றுக்கு என்ன நிறம் கொடுத்தால் கடலின் நீலத்தில் எடுப்பாகத் தெரியும் என்று பாதியில் விட்டு வந்திருந்தேன். அதற்குத் திரும்பிப் போக வேண்டும் என்று கை துறுதுறுத்தது. தூ, இதுவும் ஒரு கையா?

மே மாதம் அவர்கள் போய்வந்தார்கள். வரைபடத்தில் ஒரு வளைவுகூடத் தப்பவில்லையாம். அந்த அம்மா ஒரு இடத்திலும் கால் வலி என்று சொல்லவில்லையாம். பொறியாளர் எல்லோருக்கும் சாக்லேட் கொடுத்தார். அன்று திங்கட்கிழமை, மனுக்காரர் மேசை ஓரமாக நின்றார். அவர் மனு முடிந்துபோனதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. "பரிசீலனையில இருக்குது" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம், அதாவது நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பொறியாளர் அவருக்கும் இரண்டு சாக்லேட் நீட்டினார். இரண்டு கையாலும் வாங்கி மடியில் கட்டிக்கொண்டார். "வூட்ல குடுத்துடுறேன் சார். அவளுக்கு வாயி கசந்துகினே இருக்குது, இன்னாத்த துன்னாலும் புடிக்கல" என்றார். நான் என் பங்கை வாயில் போட்டுச் சப்பிக்கொண்டு அதைக் கேட்டேன்.

அப்புறம் ஐப்பசி மழை. மூன்று வாரம் அவர் வரவில்லை. நாலாவது திங்கட்கிழமை வந்தார், தலை மழித்திருந்தது. அன்றைக்குத்தான் முதல் தடவையாக, சொல்லாமலே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பூட்டா சார்" என்றார். "ரெண்டு தடவ கூட்டினு போவ முடியல. தண்ணி கொறையும் கொறையும்னு கரையிலயே குந்தினு இருந்தோம். மூச்சு வாங்குச்சி. அங்கியே பூட்டா."

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசைமேல் வைத்து நீவிவிட்டார். மனு எண் எழுதிய பழைய ரசீது.

"பாலம் இனிமே எனக்கு வேணாம் சார். என் பேர எடுத்துட்டு, வரிசைல அடுத்து இன்னா ஊரு இருக்குதோ அவங்களுக்குப் போட்டுக் குடுத்துடுங்க. எனுக்காவ வெச்சினு இருக்காதீங்க."

அவர் வரிசையில் நின்றுகொண்டிருந்ததாகவே நினைத்திருக்கிறார். வரிசையே இல்லை, அந்த ஓடையையே நான் கோப்பிலிருந்து எடுத்துவிட்டேன் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னேனா? "சரிங்க" என்று ரசீதை வாங்கி வைத்துக்கொண்டேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். உள்ளே போய்ப் பொறியாளரிடம் சொன்னேன். "அடப்பாவமே" என்றார். உண்மையாகவே கண் கலங்கினார். அப்புறம், "கெட்ட மழைப்பா இந்த வருஷம்" என்றார். நானும் ஆமாம் சார் என்றேன். எங்கள் இருவரையும் நினைத்தால் எனக்கு இன்றைக்கும் அருவருப்பாக இருக்கிறது. அவரைவிட ஒரு படி மேலாகவே என் மேல். அவர் அந்த ஓடையைப் பார்த்ததில்லை.

இப்போது அங்கே பாலம் இருக்கிறதா என்று கேட்பீர்கள். இல்லை. கோப்பில் ஓடையே இல்லாதபோது பாலம் எப்படி வரும்? புதிய மனு எழுதித் தரலாம் என்று போன வருஷம் ஒருநாள் பஸ் ஏறினேன். அமிர்தியிலேயே இறங்கி, ஒரு டீ குடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்துவிட்டேன். அவருடைய முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை.

இன்று மத்தியானம் குழாயை இறக்கி, வரைபடத்தைத் தரையில் விரித்தேன். சுருள் நிமிர மறுத்தது, நாலு மூலையிலும் சொம்பும் டம்ளரும் வைத்தேன். மனைவி எட்டிப் பார்த்து, "எவ்ளோ அழகா இருக்குது! இத்தப் போய் மூடி வெச்சிருந்தீங்களே" என்றாள். அழகாகத்தான் இருக்கிறது. ஓடை, வாய்க்கால், ஏரி எல்லாம் நீலத்தில் இருக்கின்றன. ஒரு முழம் அகலமுள்ள வாய்க்காலைக்கூட நான் விடவில்லை. அதன்மேல் இருந்த மரப்பாலத்தையும் விடவில்லை.

பொறியாளரிடமிருந்து வாட்ஸப்பில் செய்தி வந்தது: "கிடைச்சுதாப்பா?"

வரைபடத்தின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே பதில் அடித்தேன். "நேரில் தேடிப் பார்த்ததில், வரைபடம் ஏதும் காணப்படவில்லை சார்."

அவருக்கு அந்த வாக்கியம் ஞாபகம் வரும் என்று நினைத்தேன். வரட்டும் என்றுதான் அப்படி அடித்தேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, பதில் வந்துவிட்டது.

"ஓகேப்பா. நீ பார்த்துட்டு இல்லைன்னா இல்லைதான்."