ஏழாம் அத்தியாயத்தின் ஈரத் தரை

இஸ்திரி மேசை முன் நின்றபடிதான் டீச்சர் நாவல் எழுதுவார். மனிதர்கள் வரும் அத்தியாயமென்றால் மேசை இடுப்புயரம். பேய் வந்தால் ஒரு படி இறக்கிக்கொள்வார். "குனிஞ்சு எழுதினாத்தான் எனக்கே பயம் வருது" என்பார்.

வார நாட்களில் பள்ளியில் வேதியியல் நடத்துகிறார். பிள்ளைகள் வைத்த பெயர் பேய் டீச்சர்; அதைக் கேட்டால் மனுஷி பூரித்துப்போவார். அவர் நாவல்களில் பேய்களுக்குக் குடியிருக்க வீடு கிடைக்காது, வேற்றுக்கிரகவாசிகள் வேலை கேட்டு வரிசையில் நிற்பார்கள். சிரித்துக்கொண்டே படிப்போம், எந்தப் பக்கத்தில் அழ ஆரம்பித்தோம் என்றே தெரியாது.

புது நாவலில், சீருடை போட்டதும் துப்புரவுப் பெண்கள் கண்ணுக்குத் தெரியாமல் போகிறார்கள். நான் போயிருந்த அன்று, மாலை ஐந்துக்குள் நாவல் பதிப்பாசிரியருக்குப் போயாக வேண்டும். ஏற்கெனவே இரண்டு தடவை கெடு தவறியாயிற்று. இதையும் விட்டால் இந்த ஆண்டு புத்தகம் கிடையாது. மணி நான்கு. அப்போதும் வழக்கத்தை விடவில்லை. யாரைப் பற்றி எழுதினாரோ அவர்களிடம் வாசித்துக் காட்டாமல் அனுப்பவே மாட்டார். குடியிருப்பின் மாடிப்படி துடைக்கும் அக்காவைக் கையோடு கூட்டிவந்து உட்காரவைத்தார். ஏழாம் அத்தியாயம். கண்ணுக்குத் தெரியாத நாயகி, நடைவழியைத் துடைத்தபடியே நழுவுகிறாள். ஈரத் தரையில் பதிந்த கால்தடத்தைப் பின்தொடர்ந்து காவலாளிகள் பிடித்துவிடுகிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட எனக்குப் புல்லரித்தது.

அக்கா உதட்டைப் பிதுக்கினார். "மறைஞ்சு போறதெல்லாம் சரி டீச்சர். எங்கள யாரு பாக்குறா? ஆனா தடம் எப்படி விழும்? நாங்க பின்னாடி நடந்துக்கிட்டேதானே துடைப்போம், ஈரத்துல காலே வைக்க மாட்டோமே!"

ஏழு போனால் எட்டிலிருந்து பன்னிரண்டு வரை மொத்தமும் சரிந்துவிடும்.

"யாருக்குத் தெரியப்போவுது? அப்படியே அனுப்பிடுங்க" என்றேன்.

டீச்சர் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை. "அப்போ அவளப் பிடிக்கவே முடியாது!" என்று கத்தினார். "அக்கா, அவ தப்பிச்சுட்டா! அஞ்சு அத்தியாயமா ஜெயில்ல போட்டு வச்சிருந்தேனே, பாவி நான்!"

"நல்லா இருக்கட்டும் அந்தப் புள்ள" என்றார் அக்கா, சொந்தக்காரப் பெண்ணைச் சொல்வதுபோல. அந்தச் சந்தோஷம் எனக்கும் தொற்றிக்கொண்டது, கொஞ்சம் வெட்கத்தோடு.

போன் அடித்தது. பதிப்பாசிரியர். "ஏழுலேருந்து மாத்தி எழுதணும்னு சொல்லிடுங்க" என்று டீச்சர் அதை என் கையில் திணித்தார். வாசலில் அக்கா வைத்திருந்த வாளியில் மாப்பை முக்கிப் பிழிந்து, சுவரோரம் தொடங்கி, பின்னோக்கி ஒவ்வொரு அடியாக நடக்க ஆரம்பித்தார்.