நான் போகாத வார்டு

வியாழக்கிழமை காலைகளில் என் வீட்டுக் குப்பைத் தொட்டி தானாகவே தெருவுக்குப் போய்விடுகிறது. சக்கரம் வைத்த பெரிய தொட்டி. வண்டி வருவதற்கு முன் அதை வாசலுக்கு உருட்டி வைக்க வேண்டும், அள்ளிப் போன பிறகு உள்ளே இழுத்து வர வேண்டும். இங்கிலாந்தில் வீடு வைத்திருப்பவர்களில் பாதிப்பேர் இந்தக் கவலையோடுதான் புதன்கிழமை படுக்கப் போகிறார்கள். எனக்கு அது இல்லை. பக்கத்து வீட்டு ஹாரி, எண்பதைத் தாண்டியவர், கொரோனா காலத்திலிருந்து இன்றுவரை என் தொட்டியையும் சேர்த்து உருட்டிக்கொண்டு போகிறார். வேண்டாம் என்று தடுத்தால், "நீ எங்களுக்காகச் செய்ததற்கு நான் இதுகூடச் செய்யக்கூடாதா?" என்பார். ஊரில் எங்கள் லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் அந்த வரிசை வீடுகளில், பன்னிரண்டு குடும்பத்துக்கு ஒரு குழாய். ஒருத்தி தன் முறையை இன்னொருத்திக்கு விட்டுக்கொடுத்தால் அந்தப் பெருந்தன்மையை ஒரு மாதத்துக்குச் சொல்லிக் காட்டுவாள். இந்த மனிதர் வருடக்கணக்காகச் சொல்லிக் காட்டாமல் செய்கிறார். நான் ஜன்னல் சீலைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன், வெளியே போக மாட்டேன். அவர் நினைப்பதுபோல நான் எதையும் செய்யவில்லை.

நான் இலங்கையில் பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். அம்மா கொழுந்து பறித்து என்னைப் படிக்க வைத்தார். தோட்டத்தில் எங்கள் டிவிசனிலிருந்து நர்ஸாகப் போன முதல் ஆள் நான்தான். அந்தப் பெருமையைத் தூக்கிக்கொண்டே இங்கிலாந்துக்கும் வந்து சேர்ந்தேன். கொரோனா வந்தபோது எங்கள் நகரத்தின் கண்காட்சி மண்டபத்தை அவசர ஆஸ்பத்திரியாக்கினார்கள். கட்டில்கள் சீக்கிரமே வந்துவிட்டன, கட்டில் பக்கத்தில் நிற்கத்தான் ஆள் இல்லை. எங்களையெல்லாம் பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள். தலையிலிருந்து கால்வரை மூடும் உடுப்பைப் பத்து நிமிடம் போட்டுப் பார்த்தேன். கூட நின்றவள் ஒரு போட்டோ எடுத்துத் தந்தாள். அதை உடனே அம்மாவுக்கு அனுப்பினேன்.

மறுநாள் மின்னஞ்சலில் ஒரு படிவம் வந்தது. நாள்பட்ட நோய் ஏதாவது உண்டா என்று கேட்டிருந்தார்கள். நம் தோட்டங்களில் பெரட்டு எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். விடிந்ததும் எல்லோரும் களத்தில் வந்து நிற்க வேண்டும். இன்னாருக்கு இன்ன மலை என்று, மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு ஐயா வேலை பிரிப்பார். சுகமில்லை என்றால் அதை அத்தனை பேர் முன்னாலும் சொல்ல வேண்டும், அத்தனை பேரும் ஏற இறங்கப் பார்ப்பார்கள். பொய் சொல்கிறவளின் முகம் அங்கே தாங்காது. இங்கே என் பெரட்டு கைபேசிக்குள் வந்தது. சமையலறையில் தனியாக நின்றுகொண்டு, ஆஸ்துமா என்ற கட்டத்தில் சரி போட்டேன். எனக்கு ஆஸ்துமா கிடையாது, பயம்தான் இருந்தது. யாரும் திருப்பிக் கேட்கவில்லை. இந்த நாட்டில் எழுதிக் கொடுத்தால் நம்பிவிடுகிறார்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளும்படி அன்பாக ஒரு பதில்கூட வந்தது. நோயாளிகளுக்கு போன் பண்ணித் தேதி மாற்றிச் சொல்லும் வேலையில் என்னைப் போட்டார்கள். என் இடத்துக்கு யார் போனார்கள் என்று இன்றுவரை நான் விசாரித்ததில்லை.

அன்று மாலை அம்மா கூப்பிட்டார். "பாப்பா, போட்டா பாத்தேன். கொரோனா வார்டுலயா நிக்கிற?"

"ஆமாம்மா" என்றேன்.

அடுத்த வருடம் நோய் எங்கள் மலைக்கும் ஏறிவிட்டது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கட்டில் போட்டார்கள். டவுனிலிருந்து இரண்டு நர்ஸ்மார் வந்தார்கள், இருவருக்கும் சிங்களம் மட்டும்தான். சமைக்க, கழுவ, முடியாதவர்களுக்கு ஊட்டிவிட, நர்ஸ் சொல்வதைத் தமிழில் சொல்ல ஆள் தேவைப்பட்டது. மூன்று நாள் பெரட்டில் கண்டாக்கு ஐயா கேட்டும் ஒருவரும் அசையவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒருத்தி கொண்டுவந்தால் லயம் முழுக்கப் படுத்துவிடும். நாலாம் நாள் நடந்ததை அம்மா போனில் சொன்னார்.

"நான்தான் முன்னுக்குப் போயி நின்னேன் பாப்பா. ஒம் போட்டாவ எல்லாருக்கும் காட்டுனேன். எம் மக வெள்ளக்காரனுக்கே செய்றா, நம்ம சனத்துக்கு நம்ம செய்ய மாட்டமான்னு கேட்டேன். ஏழு பேரு வந்துட்டாளுக!"

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும், சொன்னால் அம்மாவாவது வீட்டிலிருந்திருப்பார். ஆனால் அவர் குரலில் அத்தனை சந்தோஷம். சரி, இன்னொரு நாள் சொல்வோம் என்று விட்டேன். அவரோ, "இந்த மாஸ்க்க எப்புடிக் கழட்டுறது, நீ எப்புடிக் கழட்டுவ?" என்று கேட்டார். "முன்பக்கத்தத் தொடாதம்மா. பின்னுக்கு நாடாவப் புடிச்சுக் கழட்டு, ஒடனே கையக் கழுவு" என்று பெரிய அனுபவசாலிபோலச் சொல்லிக் கொடுத்தேன். அவ்வளவும் பயிற்சி நாளில் வீடியோவில் பார்த்தது. அன்று வந்த வெட்கம் இன்னும் அப்படியே இருக்கிறது.

நர்ஸ் என்றாலே அந்த அவசர ஆஸ்பத்திரியில் நின்றவள் என்றுதான் ஹாரியும் எடுத்துக்கொண்டிருந்தார். அவரிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். மழைத்தூறலில் அவர் தொட்டியை இழுத்துக்கொண்டிருந்தபோது வழிமறித்து, "நான் அந்த ஆஸ்பத்திரிக்குப் போகவேயில்லை ஹாரி, நான் ஒன்றுமே செய்யவில்லை" என்றேன். அவர் நின்று என்னைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. "யுத்தத்துக்குப் போய்வந்த என் அப்பாவும் சாகும்வரை இதையேதான் சொன்னார். நீ அதைப் பற்றிப் பேச வேண்டாம், பெண்ணே" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். அடுத்த வாரம் தொட்டியைக் கழுவியும் வைத்திருந்தார்.

போன விடுமுறைக்கு ஊருக்குப் போனேன். போனதும் அம்மா என்னைப் பள்ளிக்கூடத்துக்குத்தான் இழுத்துப்போனார். கட்டில்கள் போய், பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். தலைமையாசிரியரின் அறைச் சுவரில் என் போட்டோ. பஜாரில் பெரிதாக்கி லேமினேட் பண்ணி, வேலைக்கு வந்தவர்கள் தைரியம் கொள்ள அம்மா அன்று வாசலில் ஒட்டியதாம். அப்புறம் தூக்கிப்போட யாருக்கும் மனம் வராமல் இங்கே கொண்டுவந்து மாட்டினார்களாம். கண்ணாடி முகமூடிக்குள் சிரித்துக்கொண்டு நிற்கிறேன்.

வெளியே ஒரு பெண் காத்திருந்தார். சரோஜா அக்கா, அந்த ஏழு பேரில் ஒருவர். அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. சரோஜா அக்காவுக்கு அங்கேயே தொற்றி, பிழைத்தது பெரிய காரியமாகிவிட்டது. அம்மா இதை போனில் சொன்னதே இல்லை. இப்போது மலையேறிக் கொழுந்து பறிக்க முடியாமல் பிள்ளைக் காம்பராவில், வேலைக்குப் போகும் அம்மாமாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறார்.

"ஒங்க போட்டாவப் பாத்துத்தான் தங்கச்சி நான் வந்தேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். முகத்தில் ஒரு துளி வருத்தம் இல்லை. அப்புறம் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அவ்வளவு பேரப் பாத்திருக்கீங்க. ஒங்களுக்கும் அதுக்கப்புறம் இப்புடித்தான் மூச்சு வாங்குதா?"

அம்மா பக்கத்தில் நின்றார். உண்மையைச் சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைக்கப் போவதில்லை.

"ஆமாக்கா" என்றேன்.

மூவரும் லயத்துக்கு ஏறினோம். ஒவ்வொரு வளைவிலும் சரோஜா அக்கா நின்று நெஞ்சில் கை வைத்துக்கொள்வார். சொன்ன பொய்க்காக நானும் நின்று வாயைத் திறந்து மூச்சு வாங்கினேன். அறுபது வயது அம்மா மேலேயிருந்து, "மெதுவா வாங்க, அவசரமில்ல" என்றார். மூன்றாவது வளைவில் சரோஜா அக்கா என் பையைப் பிடித்து இழுத்தார்.

"குடுங்க தங்கச்சி. என்னவிட ஒங்களுக்குத்தான் ரொம்ப வாங்குது."

நான் விடவில்லை. அவரும் விடவில்லை. கடைசியில் கொடுத்துவிட்டேன். அவர் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு, இரைத்து இரைத்து முன்னால் ஏறினார். அன்று வியாழக்கிழமை. நான் வீட்டில் இல்லை என்று தெரிந்தும், இங்கிலாந்தில் அந்நேரம் ஹாரி என் வெறும் தொட்டியை உருட்டிக்கொண்டிருப்பார். நான் கையை வீசிக்கொண்டு பின்னால் நடந்தேன்.